பெங்களூரில் லெட்டர்பாக்ஸிங்: ஒரு அழிரப்பர், ஒரு கட்டர், கொஞ்சம் குறும்பு

லெட்டர்பாக்ஸிங்குக்கு முதலீடு ரொம்பக் குறைவு. பெரிய அழிரப்பர் ஒன்று, கூரான கட்டர், ஸ்டாம்ப் பேட், கோடு போடாத நோட்டு. பேட்டரி வேண்டாம், ஆப் வேண்டாம், உறுப்பினர் சந்தா கிடையாது.

ஆட்டம் இதுதான். ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை எங்கோ வைக்கிறார், அதற்குள் அவரே செதுக்கிய ரப்பர் முத்திரையும் ஒரு குட்டி நோட்டும் இருக்கும், இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு துப்பு எழுதி வெளியிடுகிறார். துப்பை வைத்துக்கொண்டு தேடிப் போகிற நீங்கள் பெட்டியின் முத்திரையை உங்கள் நோட்டில் குத்திக்கொள்கிறீர்கள், உங்கள் சொந்த முத்திரையைப் பெட்டியில் இருக்கும் நோட்டில் குத்தி, தேதியும் புனைபெயரும் போட்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். பரிசு இல்லை, உள்ளிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. ஜிபிஎஸ் எண்ணை வைத்துத் தேடும் ஜியோகேஷிங் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அது 2000-ம் ஆண்டு மே மாதம்தான் அமெரிக்காவின் ஓரிகனில் பிறந்தது. லெட்டர்பாக்ஸிங் அதற்கு 146 வருடம் மூத்தது.

எங்கே தொடங்கியது

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. மரம் குறைவு, சேறு அதிகம், நடுநடுவே பாறைக் குன்றுகள், திடீரென்று இறங்கும் மூடுபனி. அதன் வடபகுதியில் க்ரான்மியர் பூல் என்று தண்ணீர் வற்றிப்போன ஒரு சதுப்புப் பள்ளம். அங்கே போவதற்குப் பாதை கிடையாது, அதனாலேயே போய்வந்தவர்களுக்கு அது பெருமை. சாக்ஃபோர்டு என்ற ஊரில் ஜேம்ஸ் பெரட் என்பவர் பயணிகளை மேட்டுநிலத்துக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டியாக இருந்தார். 1854-ல் அவர் அந்தப் பள்ளத்தில் கல்லைக் குவித்து, அதில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். கஷ்டப்பட்டு வந்து சேர்ந்த கனவான்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போகலாம். வந்ததற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

1888-ல் புட்டி போய்த் தகரப் பெட்டி வந்தது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. மக்கள் தங்கள் முகவரியையே எழுதிய தபால் அட்டையைப் பெட்டியில் விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர் யாரோ, எப்போது வருவாரோ தெரியாது. வந்தவர் அதை எடுத்துப்போய்த் தன் ஊர்த் தபால் பெட்டியில் போடுவார், தன்னுடையதை அங்கே விட்டுவிடுவார். அட்டை வீடு வந்து சேரும் நாள் வைத்து, உங்களுக்குப் பிறகு அந்தச் சேற்றை மிதித்து ஒருவர் போயிருக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முகம் தெரியாத ஒருவரை நம்பி விட்டுவிட்டு வருவது, ஆட்டத்தின் உயிர் அப்போதே இதுதான்.

அப்புறம் நிதானமாகத்தான் வளர்ந்தது. 1894-ல் பெல்ஸ்டோன் பக்கம் இரண்டாவது பெட்டி, 1905-ல் க்ரான்மியரில் முறையான வருகைப் பதிவேடு. அந்தப் பதிவேட்டிலேயே 1907-ல் வந்த ஒருவர், இங்கே ஒரு ரப்பர் முத்திரை இருந்தால் நன்றாக இருக்குமே என்று எழுதி வைத்தார். இன்றைக்கு நாம் உட்கார்ந்து ரப்பர் செதுக்குவதற்கு அந்த யோசனைதான் மூலம். 1937-ல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று வாசகர்களிடம் பணம் திரட்டி அங்கே கல்லால் பெட்டி கட்டியது. 1938-ல் டார்ட்மூரைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதிய வில்லியம் கிராஸிங் நினைவாக டக்ஸ் பூல் என்ற இடத்தில் இன்னொன்று. 1970-களின் நடுவில்கூட மொத்தம் 15 பெட்டி அளவில்தான் இருந்தது, வரைபடமும் துப்புப் பட்டியலும் பரவ ஆரம்பித்த பிறகுதான் அது ஆயிரக்கணக்கில் பெருகி, 100 பெட்டி கண்டுபிடித்தவர்களுக்கு என்று தனியாக ஒரு கிளப்பே வந்தது. அமெரிக்காவில் இது பரவியதற்கு 1998 ஏப்ரலில் ஸ்மித்சோனியன் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை முக்கியக் காரணம்.

ஒரு உபரித் தகவல்: க்ரான்மியர் இருப்பது ராணுவத் துப்பாக்கிப் பயிற்சிப் பகுதிக்குள். சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக்கூடாது. பெட்டி தேடப் போகிறவர்கள் பயிற்சி நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

பெங்களூரில் அப்படியே செய்ய முடியுமா

முடியாது. டார்ட்மூரில் பாறை இடுக்கில் பெட்டியைச் சொருகிவிட்டு வரலாம். இங்கே மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலோ மெஜஸ்டிக்கிலோ கப்பன் பார்க் பெஞ்சுக்கு அடியிலோ கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் முதலில் வருவது வெடிகுண்டு நிபுணர்கள்தான். இந்த ஊர் குண்டுவெடிப்புகளைப் பார்த்த ஊர், அந்தப் பயம் நியாயமானது, அதோடு விளையாடாதீர்கள். பன்னேர்கட்டா, துரஹள்ளி போன்ற காட்டுப் பகுதிகளும் வேண்டாம், அங்கே பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வருவதை எந்தப் பொழுதுபோக்கின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. கோயில் சுவர், கல்வெட்டுப் பலகை, பழைய மண்டபம் எதுவும் வேண்டாம். டார்ட்மூர்க்காரர்களுக்கே பழஞ்சின்னங்களைத் தொடாதே, தோண்டாதே, சிமென்ட் பூசாதே என்று விதி இருக்கிறது.

அதனால் நான் சொல்லும் வழி: பெட்டியை இடத்தில் வைக்காதீர்கள், ஆளிடம் கொடுங்கள். அல்சூரில் பூ கட்டும் அக்கா, காக்ஸ் டவுனில் அயர்ன் வண்டி வைத்திருக்கும் அண்ணன், பிரேசர் டவுனில் தெரிந்த டெய்லர் கடை, சிவாஜிநகரில் பழைய புத்தகம் விற்பவர், இல்லையென்றால் உங்கள் அபார்ட்மென்ட் நூலக அலமாரி. துப்பு தேடுபவரை அந்தக் கடை வரைக்கும் கொண்டுவரும், அங்கே அவர் ஒரு ரகசிய வாக்கியத்தைச் சொன்னால் பெட்டி கைக்கு வரும். முகம் தெரியாதவரை நம்புவது என்ற பழைய கணக்குக்கும் இது பொருந்தி வருகிறது, பெட்டி காணாமல் போகும் தொல்லையும் குறைகிறது.

கேட்கும் விதம் முக்கியம். பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் பேசுங்கள். "அண்ணா, இது ஒரு விளையாட்டு. மாசத்துக்கு நாலஞ்சு பேர் வந்து இந்த வார்த்தையைச் சொல்லிக் கேப்பாங்க. கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல திருப்பித் தந்துடுவாங்க. தொந்தரவா இருந்தா சொல்லுங்க, எடுத்துட்டுப் போயிடறேன்." இவ்வளவு போதும். அவருக்குக் கன்னடமோ உருதுவோதான் வரும் என்றால் அந்த மொழி தெரிந்த நண்பரைக் கூட்டிப்போங்கள், ரகசிய வாக்கியத்தையும் அவர் வாயில் நுழைகிற மாதிரி வையுங்கள். பெட்டி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், மூடியில் இது என்ன என்று கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி உங்கள் போன் எண்ணையும் போடுங்கள். கடை நேரத்தையும் வார விடுமுறையையும் துப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

முத்திரை செதுக்குவது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கடையில் செய்து தரும் முத்திரை சுலபம், ஆனால் அதைக் குத்திக்கொள்ள யாரும் பஸ் பிடித்து வரமாட்டார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிரப்பரில் பெரிய அளவாகப் பார்த்து வாங்குங்கள். வளைத்தால் வளைய வேண்டும், பொடிப்பொடியாக உதிரும் ரகம் ஆகாது. கொஞ்சம் பழகிய பிறகு ஓவியப் பொருள் கடைகளில் லினோ செதுக்கும் உளியும் மென்மையான ரப்பர் பலகையும் வாங்கிக்கொள்ளலாம். அவென்யூ ரோடு பக்கம் ஸ்டேஷனரிக் கடைகளில் ஸ்டாம்ப் பேட், நோட்டு எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும்.

படத்தை நேரடியாக ரப்பரில் வரையாதீர்கள். பட்டர் பேப்பரில் மென்மையான பென்சிலால் அழுத்தி வரைந்து, பென்சில் பக்கம் ரப்பரில் படும்படி கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் அப்படியே இறங்கும். கவிழ்க்கும்போதே இடவலம் மாறிவிடுவதால் குத்தும்போது நேராக விழும். தமிழ் எழுத்து போடுகிறவர்களுக்கு இது ரொம்ப அவசியம். ப, ட மாதிரி நேர்கோட்டு எழுத்துகள் முதல் முயற்சிக்குச் சரி. ண, ஞ, ஜ இவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் குட்டி இடத்தைத் தோண்டும்போது பக்கத்துக் கோடும் சேர்ந்து வந்துவிடும், அதனால் சுழியைக் கொஞ்சம் பெரிதாக்கி வரையுங்கள்.

செதுக்கும்போது கத்தியைத் திருப்பாதீர்கள், ரப்பரைத் திருப்புங்கள். வளைவு வழவழப்பாக வருவதன் சூட்சுமம் இதுதான். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவு விழும்படி வெட்டுங்கள். கோட்டின் அடியைக் குடைந்துவிட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும், பத்துப் பேர் குத்தியதும் கோடு ஒடிந்துவிடும். 2 மில்லிமீட்டர் ஆழம் போதும். நடுநடுவே ஒரு காகிதத்தில் குத்திப் பார்த்து, தேவையில்லாமல் மை ஒட்டும் மேடுகளைச் சீவி எடுங்கள். பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், வெட்டு எப்போதும் கையை விட்டு விலகிப் போகிற திசையில்.

மை போடுவதிலும் ஒரு பழக்கம் உண்டு. முத்திரையை மல்லாத்திப் பிடித்து பேடை அதன்மேல் தட்டுங்கள், மை சீராக ஒட்டும். ஒரே முத்திரையில் பல வண்ணம் வேண்டுமானால் ஸ்கெட்ச் பேனாவால் பகுதி பகுதியாகத் தடவி, குத்துவதற்கு முன் வாயால் ஹா என்று ஊதி ஈரம் கொடுத்துக் குத்துங்கள். குத்தி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

என்ன செதுக்குவது? பெட்டியின் முத்திரைக்கு அந்த இடத்துக்கு உரியது எதுவும். ஜனவரி தாண்டி ரோஸ் நிறத்தில் கொட்டும் டபேபுயா பூ, ஏரிக்கரை நாரை, டபரா டம்ளர். உங்கள் சொந்த முத்திரையோ உங்களைக் குறிப்பது. அதைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர் நோட்டில் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொள்ளும் முத்திரைக்காரர் மேல் எல்லோருக்கும் கொஞ்சம் கடுப்பு இருக்கும்.

துப்பு

துப்பு சுலபமாக இருந்தால் சுவாரசியம் இல்லை, ரொம்பக் கடினமாக இருந்தால் ஆளே வராது. டார்ட்மூரில் இன்ன குன்றிலிருந்து திசைகாட்டியில் இத்தனை டிகிரி, இத்தனை தப்படி என்று எழுதுவார்கள். நம் ஊரில் போன் திசைகாட்டி மெட்ரோ தூண், நிறுத்திய வண்டி எதன் அருகிலும் தடுமாறும். நமக்கு விடுகதை இருக்கும்போது டிகிரி எதற்கு?

லால்பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐதர் அலி தொடங்கிய தோட்டம், உள்ளே சுமார் 300 கோடி ஆண்டு பழைய பாறை, அதன் உச்சியில் கெம்பே கௌடர் பெயர் சொல்லும் நான்கு காவல் கோபுரங்களில் ஒன்று. இதை வைத்து ஒரு துப்பு:

"முந்நூறு கோடி வயதுக் கிழவர், முடியிலே நாலில் ஒரு மகுடம். கும்பிட்டு இறங்கி, வேலி தாண்டாமல் வாசல் வழியே வெளியே வா. தைக்கிற சத்தம் கேட்கும் கடையில் கிழவர் அனுப்பினார் என்று சொல்."

எந்த வாசல், எத்தனையாவது தெரு என்பதை இரண்டாவது அடுக்காக வைக்கலாம். பாறை பக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒரு சொல்லின் எழுத்துகளை எண்ணச் சொல்லி அந்த எண்ணைத் தெரு எண்ணாக்கலாம். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெங்களூருக்கு நேற்று வந்தவர்கள் என்று தமிழர்களான நம்மைச் சொல்பவர்களைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய இடம், துப்புக்கும் அருமையான முதல் படி. பெட்டி மட்டும் கோயிலுக்கு வெளியே, தெரிந்தவர் கடையில்.

அடையாளமாகப் பாறை, ஏரிக்கரை, கோயில், மசூதி, சர்ச் இவற்றையே வையுங்கள். பச்சை போர்டு பேக்கரி என்று எழுதினால் ஆறு மாதத்தில் அங்கே மொபைல் கடை இருக்கும். எழுதி முடித்ததும் அந்தப் பேட்டை தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்து நடக்கவிட்டுப் பாருங்கள், நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது.

தேடப் போகிறவர்களுக்கு

உங்கள் ஸ்டாம்ப் பேடை நீங்களே கொண்டுபோங்கள், பெட்டியில் வைத்தது காய்ந்துபோயிருக்கும். கடையில் வாடிக்கையாளர் இருந்தால் அவர் போகும்வரை பொறுங்கள், பெட்டியை வாங்குவதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு முழம் பூவாவது வாங்குங்கள். விடையைப் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெட்டியில் குட்டி முத்திரையும் நோட்டும் கொண்ட இன்னொரு பொட்டலம் இருந்தால் அது ஹிட்ச்ஹைக்கர். அதை மட்டும் நீங்கள் எடுத்துப்போய் அடுத்த பெட்டியில் விடலாம், விட வேண்டும்.

பெட்டி வைத்தவருக்கு வேலை இதோடு முடிவதில்லை. இங்கே செப்டம்பர், அக்டோபரில்தான் மழை உண்மையான வேலையைக் காட்டும். நோட்டையும் முத்திரையையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள், மை அடுத்த பக்கத்துக்கு ஊறாத தடிமனான தாள் நோட்டாக இருக்கட்டும். கடைக்காரர் கடையை மாற்றினாலோ அலுத்துக்கொண்டாலோ அன்றைக்கே துப்பை எடுத்துவிட்டு, பெட்டி ஓய்வு பெற்றது என்று அறிவித்துவிடுங்கள். நிரம்பிய நோட்டு உங்களுக்கு, முத்திரையை வேறொரு பேட்டையில் புது ஆளிடம் கொடுக்கலாம்.