சில்வராடோ 5.3 வாட்டர் பம்ப்: வீட்டு வாசலிலேயே மாற்றுவது எப்படி

அமெரிக்காவில் பழைய செவர்லே சில்வராடோ வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 1999 முதல் 2006 வரை வந்த, 5.3 லிட்டர் வி8 இன்ஜினும் பெல்ட்டில் சுற்றும் ஃபேனும் உள்ள வண்டி. ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால் புதியவர்களும் செய்துவிடலாம்.

முதலில், கோளாறு பம்பில்தானா என்று பாருங்கள். பம்பின் உடம்பில் சின்னதாக ஒரு கசிவுத் துளை இருக்கும். உள்ளே சீல் போய்விட்டால் அதன் வழியாகத்தான் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சொட்டும், சுற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் காய்ந்த கறை படியும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் பம்பின் பேரிங் போச்சு (ஃபேனைப் பம்போடு இணைக்கும் ஃபேன் கிளட்ச் தேய்ந்திருந்தாலும் கொஞ்சம் ஆடும், அதனால் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள்). இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த இன்ஜினின் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூடேறி வளைந்துவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது கூலண்ட் தொட்டியின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து கூலண்டைத் தட்டில் பிடியுங்கள். தரையில் சிந்தியதை உடனே கழுவுங்கள், இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது அவற்றுக்கு விஷம்.

அடுத்து இன்ஜினுக்குக் காற்று வரும் குழாயையும் ஃபேன் கவரின் மேல்பாதியையும் கழற்றுங்கள். ஃபேன் கிளட்சின் 36 மி.மீ. நட்டுதான் கொஞ்சம் படுத்தும். அதற்கான நீளமான ஸ்பேனரையும் புல்லியைப் பிடிக்கும் கருவியையும் உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம், அதற்காகக் காசு கொடுத்து வாங்காதீர்கள். முன்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். பெல்ட் ஓடும் வழியை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, 15 மி.மீ. ஸ்பேனரால் டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றுங்கள். அப்புறம் ரேடியேட்டர் ஹோஸ்கள், ஹீட்டர் ஹோஸ்கள்.

பம்பைப் பிடித்திருப்பது 6 போல்ட். கழற்றும்போது இன்ஜின் பிளாக்கில் மிச்சமிருக்கும் கூலண்ட் கொட்டும், தட்டு கீழேயே இருக்கட்டும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. புது பம்ப் போட்டும் ஒழுகுகிறது என்று புலம்பும் பலர் அவசரப்படும் இடம் இதுதான். கேஸ்கெட் (பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு) உட்காரும் இரண்டு முகங்களையும் பிளாஸ்டிக் சுரண்டியால், விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும்வரை சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கத்தி வேண்டாம், கீறல் விழுந்தால் அதன் வழியாகவே ஒழுகும். துளைகளுக்குள் துணியைத் திணித்துக்கொண்டால் குப்பை உள்ளே போகாது, பம்ப் வைக்கும் முன் அதை எடுக்க மறக்காதீர்கள். கேஸ்கெட் இரண்டும் உலோகம், புதுசு போடுங்கள், பேஸ்ட் எதுவும் தடவ வேண்டியதில்லை. ஆறு போல்ட்டையும் கையால் பிடிக்கவிட்டு, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முதல் சுற்று 15 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்று 30. அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம்.

மீதியைக் கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டுங்கள். டெக்ஸ்கூல் என்ற கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. நிறுத்தி, ஆறவிட்டு, கூலண்ட் அளவைப் பார்த்து ஊற்றி மறுபடி ஓட்டுங்கள். சூடு முள் நடுவைத் தாண்டினால் உடனே அணைத்துவிடுங்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, தொட்டியில் அளவு இறங்கியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.