ஹவாய் லூவாவ் விருந்துக்குப் போகுமுன்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர், அப்படியே ஹவாயையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவது இப்போது சகஜமாகிவிட்டது. போனால் ஒரு சாயங்காலம் லூவாவ் நிச்சயம் இருக்கும். திறந்த வெளியில், பெரும்பாலும் கடலோரமாக, கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதை ஒட்டியே ஹவாய், தஹீத்தி, சமோவா போன்ற பாலினீசியத் தீவுகளின் பாட்டும் ஆட்டமும். பெரியவர் ஒருவருக்கு 150 டாலர் என்று வைத்தால்கூட நாலு பேருக்கு அரை லட்சம் ரூபாயைத் தாண்டும். அவ்வளவு கொடுத்தும் வெறும் சோறும் அன்னாசித் துண்டும் தின்று, மண்ணுக்குள் இறைச்சியை வேகவைத்த அடுப்புக்குழியைத் திறப்பதைத் தவறவிட்டு, ஆட்டத்தின் நடுவில் தூங்கி வழிந்து திரும்புகிறவர்கள் உண்டு. மூன்றையுமே முன்கூட்டித் தடுக்கலாம்.

தூக்கத்திலிருந்து தொடங்குவோம். ஹவாய் நம் நேரத்துக்கு பதினைந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பிள்ளைகள் நியூஜெர்சியில் இருந்தால் அங்கிருந்தும் கோடையில் 6 மணி, குளிர்காலத்தில் 5 மணி வித்தியாசம். கோடையில் மேடையில் இரவு 8 மணிக்கு ஆட்டம் சூடுபிடிக்கும்போது உங்கள் உடம்புக்கு ராத்திரி 2 மணி. கலிபோர்னியாவிலிருந்து போனால் கோடையில் 3 மணி, குளிர்காலத்தில் 2 மணி வித்தியாசம்தான், சமாளிக்கலாம். எப்படியானாலும் போய் இறங்கிய நாளில் வைக்க வேண்டாம். மூன்றாம் நாள் சாயங்காலம் சரியாக இருக்கும். கிளம்பும் நாளும் வேண்டாம்; ராத்திரி விமானத்தை மனதில் வைத்துக்கொண்டு யாராலும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

நம் ஊர்த் தெருக்கூத்து ராத்திரி பத்துக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். நடுவில் போய் உட்கார்ந்தாலும் கட்டியக்காரன் கதையைப் பிடித்துக் கொடுத்துவிடுவான். லூவாவில் அந்த வசதி கிடையாது. சுமார் மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். 5 மணிக்குக் கதவு திறந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மாலை போட்டு வரவேற்பது, கைவேலை காட்டுவது, குழி திறப்பது எல்லாம் நடந்துவிடும். பிறகு சாப்பாடு, இருட்டியதும் ஆட்டம். ஹவாயின் தலைநகர் ஹொனலுலுவில் சூரியன் மறைவது நவம்பர் கடைசியில் 5.50 வாக்கில், ஜூன் கடைசியில் 7.15 வாக்கில். அதற்கேற்ப நேரத்தையும் மாற்றுவார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே வாசலில் நில்லுங்கள்.

தீவுகளில் வடகிழக்கிலிருந்து காற்று வீசும் பக்கம் மழை அதிகம், எதிர்ப்பக்கம் வறட்சி. மழைக்குப் பயந்தால் மேற்கு, தெற்குக் கரைகளில் நடக்கும் லூவாவைப் பாருங்கள்: ஓவாஹூவில் கோ ஒலினா, மாவியில் லஹைனா பக்கம், பெரிய தீவில் கோனா. மழைப் பக்கத்தில் இருந்தாலும் தனியாகச் சொல்ல வேண்டியது ஓவாஹூ தீவின் லாயியே ஊரில் 1963-ல் தொடங்கிய பாலினீசியன் கல்ச்சரல் சென்டர். ஆறு தீவுக்கூட்டங்களின் குடியிருப்புகளை அங்கே தனித்தனியாக அமைத்திருக்கிறார்கள். மார்மன் திருச்சபையைச் சேர்ந்தது என்பதால் மது கிடையாது, ஞாயிற்றுக்கிழமை திறப்பதும் இல்லை. மதுவே இல்லாத இடம் வேண்டும் என்கிற குடும்பங்களுக்கு இதுதான் முதல் யோசனை. ஹொனலுலுவின் கடற்கரைப் பகுதியான வைக்கீக்கியிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குடியிருப்புகளைச் சுற்றிப் பார்க்கவே அரை நாள் பிடிக்கும், முட்டி வலி உள்ளவர்களுக்கு சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள்.

பதிவு செய்யும்போது செய்யும் பெரிய தவறு, அண்ணன் குடும்பம் ஒரு டிக்கெட், தங்கை குடும்பம் வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுப்பது. நீள மேசைகளில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துத்தான் உட்கார வைப்பார்கள். தனிப் பதிவு என்றால் குடும்பம் பிரிந்துபோகும். ஒரே பதிவாகப் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு பதிவு எண்களையும் எழுதி ஒன்றாக உட்கார வைக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் தரையில் மெத்தை போட்டு உட்காரும் வரிசை மேடைக்கு மிக அருகில் இருக்கும். சம்மணம் போட முடிந்தவர்களுக்கு அருமையான இடம், மூட்டு மாற்று செய்தவர்களுக்கு ஆகாது. விலை கூடிய இருக்கை வாங்கினால் முதலில் சாப்பாட்டு வரிசைக்கு அழைப்பார்கள் என்பதும் உண்டு. சர்க்கரை நோயாளி இருந்தால் அதற்காகவே அதிகம் கொடுக்கலாம். வாசலுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். சாப்பாட்டு வேளைக்குப் போடும் இன்சுலினைத் தட்டு கையில் வருவதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

குழி

எல்லா லூவாவிலும் குழி திறப்பதைக் காட்டுவதில்லை. சில ஓட்டல்களில் சமையலறையில் செய்து கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பதிவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

இமு என்பது மண்ணில் வெட்டிய அடுப்புக்குழி. அடியில் கியாவே விறகு அடுக்கி, மேலே எரிமலைக் கற்களை வைத்துக் கொளுத்துவார்கள். கியாவே வேறொன்றுமில்லை, நம் ஏரிக்கரைகளையும் பாலாற்றங்கரையையும் அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேலத்தின் பங்காளி. இரண்டுமே ப்ரோசோபிஸ் இனம். தென் அமெரிக்காவிலிருந்து போய் அங்கே பரவியது. கல்லிலும் விஷயம் இருக்கிறது. துளைகள் நிறைந்த எரிமலைக் கல் சூட்டைத் தாங்கும். ஆற்றில் கிடக்கும் வழவழப்பான கல்லுக்குள் ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும்.

கல் நன்றாகப் பழுத்ததும் வாழைத்தண்டை நசுக்கிப் பரப்புவார்கள். தண்டின் நீர்தான் ஆவியாகி வேகவைக்கிறது. அதன்மேல் டீ என்கிற செடியின் இலை (தேயிலை அல்ல), இறைச்சி, மறுபடியும் இலை, ஈரச் சாக்கு, கடைசியில் மண். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் அப்படியே கிடக்கும். ஆவி எங்காவது கசிந்தால் பாதி வெந்தும் வேகாமலும் போய்விடும், அதனால்தான் மண்ணை விளிம்புவரை இழுத்து மூடுகிறார்கள். சாயங்காலம் மண்ணை ஒதுக்கிச் சாக்கைத் தூக்கும்போது புகையும் ஆவியும் குப்பென்று எழும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் கண் எரியாது, குழிக்குள்ளும் தெரியும். வெளியே எடுப்பது முழுப் பன்றி, காலுவா என்பார்கள். அதைப் பார்க்க விருப்பமில்லாதவர்கள் அந்த இருபது நிமிடம் கைவேலைப் பக்கம் போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

தட்டில் எதை எடுப்பது

லூவாவ் என்ற பெயரே சேப்பங்கிழங்குச் செடியின் இளம் இலைக்கு உரியது. தேங்காய்ப்பாலில் அந்த இலையை வேகவைத்துப் பரிமாறுவார்கள். அதன் பெயர் விருந்துக்கே ஆகிவந்தது. 1819-க்கு முன் ஹவாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிடக்கூடத் தடை இருந்தது. அந்த வருடம் இரண்டாம் கமெஹமேஹா அரசர் பெண்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு அந்தத் தடையை உடைத்தார்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கண்ணை நம்பக் கூடாது, நம் வீட்டுப் பதார்த்தம் போலவே தெரியும் நாலைந்து ஏமாற்றிவிடும். தக்காளி வெங்காயப் பச்சடி மாதிரி இருப்பது லோமி சால்மன், உள்ளே உப்பிட்ட மீன். கீரை மசியல் மாதிரி இருப்பதில் கணவாய் இருக்கலாம், கோழி இருக்கலாம். இலையில் மடித்த கொழுக்கட்டை போலத் தெரியும் லவ்லவ், சேப்ப இலைக்குள் பன்றி இறைச்சியும் பெரும்பாலும் மீனும். லாங் ரைஸ் என்று எழுதியிருந்தால் அது சோறு அல்ல, கோழிச் சாறில் வெந்த கண்ணாடி சேமியா. மக்ரோனி சாலட்டில் மயோனைஸ், அதாவது முட்டை.

பொதுவாகக் கைவைக்கலாம் என்பவை: வெள்ளைச் சோறு, ஊதா நிறச் சர்க்கரைவள்ளி, பழங்கள், ‘போய்’ என்கிற சேப்பங்கிழங்குக் கூழ், ஹவ்பியா. ஹவ்பியா தேங்காய்ப்பாலைச் சோளமாவு போட்டுக் காய்ச்சி வில்லையாக வெட்டியது. சில சமையலறைகள் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு, கேட்டுவிடுங்கள். காரம் இல்லையே என்று தவிக்க வேண்டாம், சில்லி பெப்பர் வாட்டர் என்று கேளுங்கள். ஊசி மிளகாயை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்ட சாறு அது, ஒரு ஸ்பூன் போதும்.

பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் எழுதுங்கள், வாசலில் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சைவம் என்ற ஒரு சொல் போதாது. இறைச்சி, மீன், முட்டை, கோழிச் சாறு, மீன் சாஸ் எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இரண்டு நாள் முன்னால் மறுபடி ஒருமுறை நினைவுபடுத்துங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு முஸ்லிம் குடும்பங்களுக்கு: பன்றியைத் தள்ளினாலும் கோழி ஹலாலாக இருக்கும் என்று நம்ப வழியில்லை. மீன் எடுக்கலாம், ஆனால் அதை ஊறவைத்த மசாலாவில் மிரின் என்கிற அரிசி மது இருக்கிறதா என்று கேளுங்கள். வரிசையில் ஒரே இடுக்கியை எல்லாப் பாத்திரத்திலும் போடுவார்கள், தனித் தட்டில் உள்ளிருந்து எடுத்துவரச் சொன்னால் பெரும்பாலும் செய்வார்கள். மாய் டாய் என்று பழச்சாறு நிறத்தில் வருவதில் ரம் இருக்கிறது.

போய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சேப்பங்கிழங்கும் அவர்களுடைய காலோவும் ஒரே செடி இனம்தான். நமக்குப் பக்கத்துக் கிழங்குகள் முக்கியம், அவர்களுக்கு நடுவிலிருக்கும் பெரிய கிழங்கு. அதை வேகவைத்து, கல் உலக்கையால் பலகைமேல் இடித்து, தண்ணீர் விட்டு இளக்கினால் போய். கெட்டியை விரலால் அளப்பார்கள்: ஒரு விரலில் அள்ள வந்தால் கெட்டி, மூன்று விரல் வேண்டியிருந்தால் தண்ணி. இரண்டு மூன்று நாள் வைத்தால் பழங்கூழ் போலப் புளிக்கும். புளித்ததைத்தான் ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் அங்கே பலர்.

கிளம்புமுன் வீட்டிலேயே நாக்கைப் பழக்கலாம். கால் கிலோ சேப்பங்கிழங்கைக் குக்கரில் நாலு விசில் விட்டுத் தோலுரித்து, அரை டம்ளர் தண்ணீரோடு உப்பில்லாமல் மையாக அரையுங்கள். வேக்காடு குறைந்தால் தொண்டை அரிக்கும், கால்சியம் ஆக்சலேட் ஊசிகளின் வேலை அது. தனியாகச் சாப்பிட்டால் சப்பென்றுதான் இருக்கும். களியைக் குழம்பில்லாமல் யார் சாப்பிடுகிறார்கள்? அங்கேயும் உப்பான ஒன்றோடு மாற்றி மாற்றித்தான் சாப்பிடுவார்கள். ஹவாய் மக்களுக்குக் காலோ மூத்த அண்ணன். ஹாலோவா என்ற அந்த அண்ணனுக்குப் பிறகே மனிதன் பிறந்தான் என்பது அவர்கள் ஐதீகம். போய்ப் பாத்திரம் திறந்திருக்கும்போது சண்டை போடக் கூடாது என்பார்கள். முகம் சுளித்து "பசை மாதிரி இருக்கு" என்று சொல்லாமல் இருப்பது நாம் காட்டக்கூடிய சின்ன மரியாதை.

ஆட்டம்

மேடையில் வருவதெல்லாம் ஹூலா அல்ல. ஹவாய் ஆட்டம் மட்டுமே ஹூலா. அதில் பழைய முறை காஹிகோ: ஓதல்தான் பாட்டு, சுரைக்குடுக்கைகள் இரண்டை ஒட்டிய இப்பு ஹெக்கே தாளம். ஆட்டக்காரரின் முட்டியைப் பாருங்கள், நம் அரைமண்டி போல மடங்கியே இருக்கும். பிறகு கையைப் பாருங்கள், கை போகும் இடத்துக்குக் கண்ணும் போகும். மழை, அலை, மலை, பூ ஒவ்வொன்றுக்கும் அபிநயம் உண்டு. பரதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கித்தாரும் உகுலேலேயும் சேர்ந்து மெதுவாக வருவது புது முறை, ஔவானா. ஹூலாவே 1830-ல் பொது இடத்தில் ஆடத் தடை விதிக்கப்பட்ட ஆட்டம். 1883-ல் கலாகவுவா அரசர் தன் முடிசூட்டு விழாவில் எல்லோர் முன்னும் ஆட வைத்தார். காஹிகோ ஓதல் எழும்போதாவது பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

தோள் அசையாமல் இடுப்பு மட்டும் படபடவென்று அடித்தால் அது தஹீத்தியின் ஓத்தேயா. கூடவே குடைந்த மரத்துண்டு முழவுகள் காதைத் துளைக்கும். நாக்கை நீட்டித் தொடையில் அறைந்தால் நியூசிலாந்து மாவோரிகளின் ஹாக்கா. நூலில் கட்டிய பந்தைச் சுழற்றுவதையும் அவர்கள் போய் என்றுதான் சொல்வார்கள், கிழங்குக்கூழ் வேறு, இது வேறு. கடைசியில் வரும் தீக்கத்தி சமோவாவுடையது. அந்த நேரத்தில் பிளாஷ் போடாதீர்கள், சுழலும் கத்தியைப் பிடிக்க வேண்டியவரின் கண் கூசும். சின்னப் பிள்ளைகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றி உட்கார வையுங்கள்.

உடை எளிது. பருத்திப் புடவை, செருப்பு, ஒரு சால்வை. பட்டு வேண்டாம், புல்தரையில் ஈரம் இருக்கும். குடை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும், பிளாஸ்டிக் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள்.

வாசலில் போடும் மாலை லேய். வேண்டாம் என்று சொல்லக் கூடாது, போட்டவர் எதிரிலேயே கழற்றவும் கூடாது. கழுத்தை ஒட்டித் தொங்கவிடாமல் தோளில் பாதி முன்னும் பாதி பின்னுமாகக் கிடக்க வேண்டும். கர்ப்பிணிக்கு வட்டமாகக் கட்டிய மாலை ஆகாது என்று அங்கே நம்பிக்கை. முனை சேராத மாலை கேட்டால் தருவார்கள். மறுநாள் வாடியதும் குப்பையில் வீசாதீர்கள். நூலை உருவிக்கொண்டு பூவை ஏதாவது மரத்தடியில் போட்டுவிடுங்கள்.