ஈப்ர ஊர்ல ராத்திரி 8 மணி லாஸ்ட் போஸ்ட்டுக்குப் போறவங்களுக்கு

பெல்ஜியம் வர்ற நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேரு ப்ரஸ்ஸல்ஸ், ப்ரூஜ் ரெண்டையும் சுத்திட்டு சாக்லேட் வாங்கிட்டு கிளம்பிடுறாங்க, ஒரே ஒரு சாயங்காலத்த ஈப்ர ஊருக்கு ஒதுக்குங்கன்னு நான் கேக்குறவங்க கேக்காதவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். அங்க மெனின் கேட்னு ஒரு பெரிய வளைவு இருக்கு, முதல் உலகப்போர்ல அந்தச் சுத்துவட்டாரத்துல செத்து, உடம்பு கூட கிடைக்காம போன 54,000க்கும் மேல பிரிட்டிஷ் பேரரசுப் படை வீரர்களோட பேரு அதுல செதுக்கியிருக்கு, நம்ம இந்திய சிப்பாய்ங்களும் அதுல உண்டு. 1928ல அந்த ஊர் போலீஸ் அதிகாரி ஒருத்தர் ஆரம்பிச்ச வழக்கம், தினமும் ராத்திரி 8 மணிக்கு அங்க நின்னு பியூகிள்ல, அதாவது ராணுவ ஊதுகொம்புல, லாஸ்ட் போஸ்ட்ங்கிற அஞ்சலி இசைய ஊதுறாங்க, மழையோ பனியோ நிறுத்துறதில்ல. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க ஊரைப் பிடிச்சு வச்சிருந்த 4 வருஷம் மட்டும் இங்க நடக்கல. 1944 செப்டம்பர் 6 ஊர் விடுபட்ட அன்னைக்கு சாயங்காலமே திரும்ப ஊதிட்டாங்க, அப்ப ஊரோட இன்னொரு பக்கம் சண்டை கூட முடியல.

போறதுக்கு முன்னாடி வீட்லயே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, ஒரு பேரு தேடி எடுத்துக்கோங்க. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல மெனின் கேட்னு போட்டு, இந்தியன் ஆர்மின்னு தேடினா 400க்கும் மேல பேரு வரும், ரெஜிமெண்ட், இறந்த தேதி, சில பேருக்கு அப்பா பேரு, கிராமத்து பேரு கூட இருக்கும், எந்தப் பலகைல செதுக்கியிருக்குன்னு நம்பரும் குடுத்திருப்பாங்க, அதை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. யாரைத் தேடுறதுன்னு தெரியலன்னா 129வது பலூச்சி ரெஜிமெண்ட்ல தேடுங்க. 1914 அக்டோபர் 31, ஈப்ர பக்கத்துல ஹோலபெக்ங்கிற கிராமத்துல, இந்த ரெஜிமெண்ட் சிப்பாய் குதாதாத் கானோட மெஷின்கன் டீம்ல அவரைத் தவிர எல்லாரும் செத்துட்டாங்க, அவரும் பலத்த அடியோட செத்த மாதிரி கிடந்து அப்புறம் தவழ்ந்து வந்து சேந்தார், பிரிட்டனோட மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கின முதல் இந்திய சிப்பாய் அவர்தான். அவர் பேரு எல்லாருக்கும் தெரியும். கூட இருந்தவங்க பேரு யாருக்குத் தெரியும் சொல்லுங்க.

ப்ரஸ்ஸல்ஸ்ல இருந்து ட்ரெயின்ல சுமார் 2 மணி நேரம். டிக்கெட்லயும் ஸ்டேஷன்லயும் டச்சுல ஈப்பர்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒரே ஊர்தான். இறங்கி மெயின் ஸ்கொயர் வழியா நிதானமா நடந்தா 20 நிமிஷம். திரும்பி வர்ற கடைசி ட்ரெயின் எப்பன்னு காலைலயே பாத்துக்கோங்க, முடிஞ்சா அங்கயே ரூம் போட்டு தங்கிடுங்க, அவசர அவசரமா ஓடி வர்ற இடம் இல்ல அது.

7 மணிக்கே போயிடுங்க. நான் முதல் தடவை 8க்கு 10 நிமிஷம் முன்னாடி போயி முன்னாடி நிக்கிறவங்க முதுகைத்தான் பாத்தேன், சத்தம் மட்டும்தான் கேட்டுது. சீக்கிரம் போனா வெளிச்சம் இருக்கும்போதே நீங்க எடுத்துட்டு வந்த பேரைத் தேடலாம், உள்பக்கச் சுவர்ல மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் மேல ஏறுற படிக்கட்டு சுவர்லயும் மேல் தளத்துலயும் பேரு இருக்கு, கண்டுபிடிக்க நேரம் எடுக்கும்.

8 மணிக்கு முன்னாடி போலீஸ் வண்டிங்களை நிறுத்திடுவாங்க, கேட்டுக்கு அடியில போற அந்த ரோடு சட்டுனு அமைதியாயிடும். டிக்கெட் கிடையாது, இலவசம்தான். பியூகிள் ஊதி முடிச்சதும் கை தட்டாதீங்க, பழக்க தோஷத்துல கை எழும்பும், அது கச்சேரி இல்ல. போன் சைலன்ட்ல இருக்கட்டும், தொப்பிய கழட்டிடுங்க, சின்னப் பசங்க இருந்தா ஒரு நிமிஷ மௌனம் வரும்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. வீடியோ எடுக்கிறவங்க நிறைய, நீங்களும் எடுக்கலாம் ஆனா அந்த ஒரு நிமிஷமாவது போனை கீழ இறக்கிடுங்க, தயவுசெஞ்சு.

மலர்வளையம் வைக்கணும்னா நடத்துற லாஸ்ட் போஸ்ட் அசோசியேஷன்கிட்ட முன்னாடியே கேட்டு பதிவு பண்ணணும், நேர்ல போயி வரிசைல சேர முடியாது. நவம்பர் 11 மட்டும் வேற கதை, அன்னைக்கு காலை 11 மணிக்கு பெரிய நிகழ்ச்சி, பயங்கர கூட்டம். முதல் தடவை போறவங்க சாதாரண வாரநாளா பாத்து போறதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது.

எல்லாம் அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சு கூட்டம் கலைஞ்சிடும். நீங்க கலையாதீங்க. நீங்க தேடின பேரு இருக்கிற பலகைக்கிட்ட திரும்பப் போயி அந்தப் பேரை வாய்விட்டு ஒரு தடவை படிங்க, அப்பா பேரு தெரிஞ்சா அதையும் சேத்து. அப்புறம் கேட் பக்கத்துலயே கோட்டை மேட்டுல இந்திய வீரர்களுக்குன்னு தனியா ஒரு சின்ன நினைவுச் சின்னம் இருக்கு, நிறைய பேரு அதைப் பாக்காமலே போயிடுறாங்க, அங்க போக போன் டார்ச் வேணும், சார்ஜ் மிச்சம் வச்சுக்கோங்க.