நட்ஸ் வாசனை மஸ்க் ஆயில்: திகட்டாம போட்டுக்கறது எப்படி

பிஸ்தா, ஹேசல்நட், பாதாம்னு லேபிள் ஒட்டி கூடவே மஸ்க்னு (அதாவது கஸ்தூரி வாசனைன்னு) ஒரு வால் சேத்த குட்டி ரோல்-ஆன் பாட்டில் இப்ப எங்க பாத்தாலும் கெடைக்குது. திருவல்லிக்கேணி பக்கம் அத்தர் கடைல கேட்டா நாலஞ்சு வகை எடுத்து வெப்பாங்க, ஆன்லைன்ல சொல்லவே வேணாம், கொட்டிக் கெடக்கு. வாங்கறது ஈஸி. ஸ்ப்ரே அடிச்சுப் பழகின கையோட இதையும் போட்டா லிஃப்ட்ல கூட நிக்கறவங்களுக்கு மூச்சு முட்டும், போட்டுக்கிட்ட நமக்கு மட்டும் ஒண்ணுமே தெரியாது. அந்த "நமக்கு மட்டும் தெரியாது"தான் இந்த ஆயில்ல பாதி விஷயம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம், அது தெரிஞ்சா எப்படி போடணும்ங்கறது தானா வெளங்கிரும். பாதாம் பருப்ப புழிஞ்சு எடுத்த எண்ணெய்க்கு பெருசா வாசனையே கெடையாது. வேர்க்கடல வறுத்தா தெரு முனை வரைக்கும் மணக்குதே, அது வறுக்கற சூட்டுல புதுசா உண்டாகற பைரசின்ங்கற பொருள்களோட வேலை, காபிக்கொட்டை வறுக்கறப்ப வர்ற வாசத்துலயும் இதே குடும்பம் இருக்கு. அதுல துளியூண்டு சேத்தாலே ஆயில் மொத்தத்துக்கும் வறுத்த வாசம் வந்துரும். பாதாம் எசன்ஸ் மாதிரி அடிக்கறது பென்சால்டிஹைட். இனிப்புக்கு வெனிலா வாசம் தர்ற வனிலின், டோங்காங்கற வாசனை விதைல இருக்கற கூமரின், சக்கரை பாகு வாசத்துக்கு எத்தில் மால்ட்டால். 1992ல வந்த தியரி முக்லரோட ஏஞ்சல் பெர்ஃப்யூம்ல இந்த எத்தில் மால்ட்டால தாராளமா போட்டாங்க, கூர்மான்னு சொல்ற சாப்பாட்டு வாசனை பெர்ஃப்யூம் எல்லாம் அதுக்கப்புறம்தான் தனி வகையாவே வளந்துச்சு.

மஸ்க் கதை வேற. பழைய காலத்துல இமயமலைப் பக்கம் இருக்கற கஸ்தூரி மானக் கொன்னு எடுத்தது அது, இப்ப அந்த மான் 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு. அதனால யாராவது "ஒரிஜினல் கஸ்தூரி சார்"னு சொல்லி வித்தா ஒண்ணு பொய், இல்ல குத்தம், ரெண்டுல எதுவா இருந்தாலும் நமக்கு வேணாம். இப்ப வர்ற மஸ்க் கிட்டத்தட்ட எல்லாமே லேப்ல செஞ்சது. 1888ல ஆல்பர்ட் பவுர்னு ஒரு கெமிஸ்ட் வெடிமருந்து சம்பந்தமா ஏதோ ஆராய்ச்சி பண்ணப் போய் மஸ்க் வாசனைல ஒரு பொருள் கெடைச்சுது, ஆரம்பம் அங்கதான். செடில இருந்து வேணும்னா கஸ்தூரி வெண்டை விதை இருக்கு, ஆனா வெல ஜாஸ்தி.

இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணுதான், வறுத்த வாசம் சீக்கிரம் கெளம்பிரும், மஸ்க் கடைசி வரைக்கும் ஒக்காந்திருக்கும். தோல்ல தேச்ச ஒடனே மோந்தா லேசா கருகின சக்கரை, கடலத் தோல் தீஞ்ச மாதிரி ஒரு கசப்பு, கொஞ்சம் பொகை கூட தெரியும், பல பேரு இந்த எடத்துலயே மூஞ்ச சுளிச்சுட்டு பாட்டில கீழ வெச்சுருவாங்க. அரை மணி நேரம் விடுங்க. அந்தக் கூர் மழுங்கி, சுண்டக் காய்ச்சின பாலுல பருப்பு அரைச்சு விட்ட வாசமா மாறி, அப்புறம் அது தோலோடயே சேந்து லேசான உப்பு கலந்த மஸ்க்கா நிக்கும். அதனால கடைல கைல தடவிட்டு அங்கயே முடிவு பண்ணாதீங்க, ஒரு டீ குடிச்சுட்டு வந்து மோந்து பாத்து வாங்குங்க. 3 எம்.எல். பாட்டில் போதும், அத்தர் கடைல சொல்ற பழைய அளவான தோலா கணக்குல 12 எம்.எல். வாங்கி வெச்சா தீரவே தீராது.

நட்ஸ் அலர்ஜி இருக்கறவங்க மட்டும் கண்டிப்பா கேட்டு வாங்கணும். வாசனை பெரும்பாலும் செயற்கைதான், ஆனா அதக் கலக்கற எண்ணெய் பாதாம் எண்ணெயா இருக்க வாய்ப்பு உண்டு. என்ன எண்ணெய்னு கடைக்காரருக்கு சொல்லத் தெரியலன்னா வாங்காதீங்க. மத்தவங்களும் முழங்கை மடிப்புல ஒரு பொட்டு வெச்சு 24 மணி நேரம் பாத்துட்டு அப்புறம் போடறது நல்லது.

சரி, இப்ப போடறது. குளிச்சு தொடச்சு, ஒடம்பு இன்னும் கொஞ்சம் கதகதப்பா இருக்கறப்பவே போட்டுரணும், வெளிய கெளம்பறதுக்கு ஒரு அரை மணி முன்னாடி, அப்பதான் அந்தக் கருகின ஆரம்பம் வீட்டுக்குள்ளயே முடிஞ்சுரும். தோல் காஞ்சிருந்தா வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ துளி வேஸ்லினோ தடவி அது மேல வெச்சா ரொம்ப நேரம் நிக்கும். ஸ்ப்ரேல இருக்கற ஆல்கஹால் ஆவியாகறப்ப வாசனையையும் கூடவே தூக்கி வெளிய வீசும், ஆயில்ல அந்த வேலைய ஒடம்புச் சூடுதான் செய்யணும், அதனால மெதுவா, கிட்டத்துல மட்டும்தான் வரும். சூடு இருக்கற எடமா பாத்து வைங்க. நெஞ்சுக்குழி, கழுத்துக்குப் பின்னாடி முடி ஆரம்பிக்கற எடம், முழங்கை மடிப்பு. மணிக்கட்டுலன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, நாம கைல சாப்பிடறவங்க, ரசம் சாதத்த வாய்கிட்ட கொண்டு போறப்பல்லாம் ஹேசல்நட் அடிச்சா சாப்பாடும் கெடும் வாசனையும் கெடும். வெச்சே ஆகணும்னா சாப்பிடாத கைல வைங்க.

அளவு? ரெண்டு எடம், எடத்துக்கு ஒரே ஒரு இழுப்பு. அவ்ளோதான். ரோல்-ஆன் உருண்டைய நேரா தோல்ல போட்டு மேலயும் கீழயும் உருட்டாதீங்க, அது தோல்ல இருக்கற வேர்வ, அழுக்கு எல்லாத்தையும் திருப்பி பாட்டிலுக்குள்ள கொண்டு போகும், கொஞ்ச நாள்ல ஆயில் கலங்கி நிக்கும். விரல்ல ஒரு தடவ உருட்டி, அந்த விரலால ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம்.

இப்ப அந்த பாதி விஷயம். மூக்கு ஒரே வாசனைக்கு சீக்கிரம் மரத்துப் போகும், மஸ்க்னா கேக்கவே வேணாம், அதோட சில வகை மஸ்க் சில பேரு மூக்குக்கு பொறப்புலயே தெரியாது. நீங்க போட்டு ஒரு மணி நேரத்துல "போயிருச்சு போல"ன்னு நெனச்சு இன்னொரு இழுப்பு இழுப்பீங்க, மத்தியானம் இன்னொண்ணு, சாயங்காலம் ஷேர் ஆட்டோல பக்கத்துல இருக்கற அக்கா துப்பட்டாவால மூக்க மூடிக்கும், உங்களுக்கு ஏன்னே புரியாது. அதனால ஒங்க மூக்க நம்பாதீங்க. வீட்ல யாரையாவது ஒரு கை தூரத்துல நிக்க வெச்சு கேளுங்க, அங்க லேசா வந்தா போதும், ரூம் வாசல்ல வரப்பவே வருதுன்னு சொன்னா ஜாஸ்தி. தனியா இருக்கறவங்க ராத்திரி கழட்டிப் போட்ட சட்டைய காலைல எந்திரிச்ச ஒடனே மோந்து பாருங்க, அப்ப மூக்கு ஃப்ரெஷ்ஷா இருக்கும், உண்மை தெரிஞ்சுரும். நடுவுல மறுபடி போடவே வேணாம்ங்கறது என் கட்சி.

சென்னை மே மாசத்துல பகல்ல இத போடாதீங்கன்னுதான் சொல்வேன். வேர்வையும் இனிப்பும் கலந்தா எண்ணெய்ல பொரிச்ச ஸ்வீட் பழசான வாடை அடிக்கும். ஏசி ஆபீஸ்னா முக்கால்வாசி நேரம் தப்பிச்சுரலாம், பஸ்ல போறவங்க ஐப்பசி கார்த்திகை மழைக்கும் மார்கழி குளிருக்கும் எடுத்து வைங்க, அப்ப இதுக்கு நிகரே கெடையாது. வெயில்ல போட்டே ஆகணும்னா வெட்டிவேர் அத்தர் ஒரு பொட்டு அடியில வெச்சு மேல இத வைங்க, அந்த மண்ணு மாதிரி கசப்பு இனிப்ப அமுக்கிரும். சந்தனமும் ஒத்துப் போகும். தலைக்கு தேங்கா எண்ணெய் தடவிட்டு கழுத்துல இதையும் வெச்சா ரெண்டும் சண்ட போடும், அப்படி இருக்கற அன்னிக்கு முழங்கையோட நிறுத்திக்கங்க. மல்லிப்பூ வெக்கறவங்க பிஸ்தாவ விட்டுட்டு பாதாம் பக்கம் போங்க, கல்யாண வீட்டு பாயசப் பந்தி பக்கத்துல பூக்கூட வெச்ச மாதிரி கலந்து வரும், அது எனக்கு புடிக்கும், சில பேருக்கு தலவலி.

துணில வேணாம், முக்கியமா வெள்ளைல. வனிலின் காத்தும் வெளிச்சமும் பட்டா பழுப்பாகும், காலர்ல மஞ்ச கறை விழுந்தா சுலபத்துல போகாது. பாட்டில் நாளாக ஆக கருத்துக்கிட்டே வர்றதும் இதனாலதான், அது கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க. சிக்கு வாடை வந்தா மட்டும் தூக்கிப் போடுங்க, அது கலந்த எண்ணெய் கெட்டதுக்கு அடையாளம். ஜன்னல் ஓரம், பைக் டேங்க் கவர், கார் டேஷ்போர்டு இதெல்லாம் விட்டுட்டு பீரோ உள்ள வைங்க.

ஜாஸ்தியா போட்டுட்டீங்கன்னா தண்ணி ஊத்தி கழுவறதுல புண்ணியம் இல்ல, எண்ணெய் தண்ணிக்கு அசையாது. பஞ்சுல கொஞ்சம் தேங்கா எண்ணெய் எடுத்து அந்த எடத்த நல்லா தொடைங்க, அப்புறம் சோப்பு போட்டு கழுவுங்க, முக்கால்வாசி போயிரும். மீதிய வெளிக்காத்து பாத்துக்கும், அதுக்கும் நேரம் இல்லன்னா பஸ்ல ஜன்னல் சீட்டா பாத்து ஒக்காருங்க.