கணினியிலேயே கண்டுபிடித்த பழைய வொர்க்ஃப்ளோக்கள்

கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் எங்கள் வீட்டு இணையம் அடிக்கடி அறுந்துவிடும் என்பதால், கிட்ஹப் என்னும் நிரல் சேமிப்புத் தளத்தில் இருக்கும் என்னுடைய பதினான்கு நிரல் களஞ்சியங்களையும் உலாவியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல், அவற்றின் வொர்க்ஃப்ளோக்களை, அதாவது தானாக ஓடும் பணி வரிசைகளை, கணினியிலேயே சோதிக்க முடிவு செய்தேன். அவற்றுள் ஒன்றின் தானியங்கி பில்ட் (நிரலை இயங்கும் வடிவாக்கும் பணி) நின்றுபோய்ப் பல வாரங்களாகியும் நான் கவனிக்கவில்லை, தவறு என்னுடையதே.

எல்லாவற்றையும் ஒரே கோப்புறைக்குள் குளோன் செய்து (நகலெடுத்து), வொர்க்ஃப்ளோக்களை விவரிக்கும் யாமல் கோப்புகளில், எந்த ஆக்‌ஷனை (ஆயத்த நிரல் துண்டை) அழைக்கிறது என்று சொல்லும் 'யூசஸ்', எந்த ரன்னரில் (இயந்திரத்தில்) ஓடும் என்று சொல்லும் 'ரன்ஸ்-ஆன்' என்று வரும் வரிகளை மட்டும் கிரெப் என்னும் தேடல் கட்டளையால் திரட்டினேன். 2025 ஜனவரி 30-க்குப் பின் கிட்ஹப் தளத்தில் இயங்காத அப்லோட்-ஆர்ட்டிஃபாக்ட் என்னும், பில்டில் உருவாகும் கோப்புகளைப் பதிவேற்றும் ஆக்‌ஷனின் மூன்றாம் பதிப்பும், அதே ஆண்டு ஏப்ரலில் விலக்கப்பட்ட உபுண்டு 20.04 ரன்னரும் ஐந்து இடங்களில் அகப்பட்டன. எழுத்துப்பிழைகளை, வொர்க்ஃப்ளோ கோப்புகளைச் சரிபார்க்கும் கருவியான ஆக்‌ஷன்லின்ட் காட்டிக்கொடுத்தது.

பிறர் எழுதிய ஆக்‌ஷனைப் பதிப்புக் குறிச்சொல்லால் அழைத்தால், அக்குறிச்சொல்லைப் பின்னர் வேறொரு கமிட்டுக்கு (பதிவுசெய்த நிரல் மாற்றத்துக்கு) நகர்த்திவிட இயலும் என்பதால், அதற்குப் பதிலாக 40 எழுத்துகள் கொண்ட முழுக் கமிட் அடையாளத்தை எழுதி, பதிப்பெண்ணை அருகில் குறிப்பாக வைத்தேன். அலுப்பூட்டும் வேலைதான், இரண்டு மாலைகள் போயின.

பொதுக் களஞ்சியத்தில் 60 நாட்கள் எந்த அசைவும் இல்லையென்றால் கால அட்டவணைப்படி ஓடும் வொர்க்ஃப்ளோ தானாக நிறுத்தப்படும் என்பது யாமல் கோப்பைப் படித்தால் தெரியாது; அதற்கென ஒவ்வொன்றின் கடைசிக் கமிட் தேதியையும் கிட் லாக் என்னும், மாற்ற வரலாற்றைக் காட்டும் கட்டளை மூலம் தனியே எடுத்துப் பார்த்தேன்.