கேமராவுக்குத் தெரியாததை எழுதி வையுங்கள்

எங்கள் தெருவில் படம் எடுக்கப் பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, இதுக்கு என்ன செட்டிங் வெச்சீங்க?" என்பதுதான். அப்பர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது), ஷட்டர் (எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது) மூன்றையும் சொன்னால் செல்போனில் குறித்துக்கொண்டு போவார்கள். மறுநாள், படமெல்லாம் கறுப்பாக வந்துவிட்டது என்று திரும்பி வருவார்கள். நான் சொன்ன எண்கள், மும்பை தாராவியின் 90 அடி சாலையில் பொங்கலன்று காலை எட்டரை மணி வெயிலுக்குப் பொருந்தியவை. அவர்கள் எடுத்ததோ சாயங்காலம், கும்பார்வாடா சந்துக்குள்.

எண்களைக் குறித்து வைக்க வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். அதோடு வெளிச்சத்தையும் எழுத வேண்டும். இது எனக்கு ஸ்டுடியோ அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தது. ஃபிலிம் காலத்தில் அவர் மளிகைக் கடைக் கணக்கு நோட்டு ஒன்றை வைத்திருந்தார். நான் ஒருநாள் வெறும் எண்களாக எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். "சரிலே, வெயிலு எங்க நின்னுச்சு? அத எழுதலியே" என்று கேட்டார். அன்றைக்கு மாற்றிய பழக்கம்தான் இன்றுவரை.

முதலில், நீங்கள் எழுதவே தேவையில்லாதவை. டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்சிஃப் என்ற குறிப்பைத் தானாகப் பதிந்துவிடும். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, லென்ஸின் ஃபோக்கல் லெங்த் (எவ்வளவு கிட்டத்தில் காட்டும் என்பதைச் சொல்லும் எம்எம் அளவு), தேதி, நேரம், ஃப்ளாஷ் அடித்ததா இல்லையா எல்லாம் அதில் இருக்கும். இதை மறுபடி நோட்டில் ஏற்றுவது வெட்டி வேலை. ஆனால் பழைய மேனுவல் லென்ஸை மாட்டினால் அப்பர்ச்சர் என்ன என்பது கேமராவுக்குத் தெரியாது. தனியாக ஸ்டாண்டில் நிற்கும் ஃப்ளாஷ் எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் இருந்தது என்பதும் தெரியாது. லென்ஸ் முன்னால் போட்ட ஃபில்ட்டர் தெரியாது. ஃபிலிம் ரோல் என்றால் அநேகமாக எதுவுமே தெரியாது. அங்கெல்லாம் கைதான் எழுத வேண்டும்.

தேதியும் நேரமும் மட்டும் கேமரா தப்பாக எழுதக்கூடும். அதன் கடிகாரம் மெல்ல மெல்லப் பிசகும். சயானில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமராவோடு போனோம். உடன் வந்த தம்பியின் கேமரா ஒரு மணி நேரம் பின்தங்கி இருந்ததை யாரும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் நேரப்படி அடுக்கியபோது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வந்து நின்றது. ஆயிரத்துச் சொச்சம் படங்களைக் கையால் பிரித்து அடுக்க இரண்டு ராத்திரி போனது. இப்போது எந்த வேலைக்குப் போனாலும் இரண்டு கேமராவிலும் முதல் படம் என் செல்போன் கடிகாரம்தான், விநாடி முள் தெரியும்படி. பிசகு இருந்தாலும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு கேமராவின் படங்களை மொத்தமாக நகர்த்திச் சரிசெய்ய, லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒரு நிமிட வேலை.

தேதி பெரிய ஆட்களுக்கும் தவறியிருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊரின் மேல் நிலா எழும் காட்சியை எடுத்தபோது அவசரத்தில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது மனதில் இருந்ததால் அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்தார். அந்தக் கணக்கை வாழ்நாள் முழுக்க அவரால் சொல்ல முடிந்தது. எந்த ஆண்டு எடுத்தது என்பதில்தான் குழப்பம். பல ஆண்டுகள் மாறி மாறிச் சொல்லப்பட்டு, கடைசியில் வானியல் அறிந்தவர்கள் படத்தில் நிலா நின்ற இடத்தை வைத்து 1941 நவம்பர் 1 என்று கண்டுபிடித்தார்கள். நம் படத்தில் நிலா இருக்காது. அதனால் தேதியை எழுதிவிடுங்கள்.

இனி, நான் நோட்டில் எழுதுவது. ஒவ்வொரு படத்துக்கும் எழுதினால் வேலை கெடும். இடமோ வெளிச்சமோ மாறும்போது மட்டும் இரண்டு வரி போதும். வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எப்படிப்பட்டது, நான் என்ன நினைத்து எடுத்தேன், என்ன சொதப்பியது. எழுத நேரமில்லையா, செல்போனில் குரலாகப் பதிந்துகொள்ளுங்கள். ராத்திரி படுக்கும் முன் எழுதிவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் பாதி மறந்துவிடும், என் அனுபவத்தில் அது தப்பியதே இல்லை.

இதனால் என்ன லாபம்? பொங்கல் கதையைச் சொல்கிறேன். 90 அடி சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டி நம் பெண்கள் பொங்கல் வைப்பார்கள். புகை வெள்ளையாக எழும்பும், பின்னாலிருந்து வெயில் விழும். முதல் வருடம் கேமராவை நம்பி எடுத்தேன். புகையின் வெளுப்பைப் பார்த்த மீட்டர், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிட்டது. பானை தெரிகிறது, முகம் தெரியவில்லை. அன்றிரவு எழுதினேன்: "புகைக்குப் பின்னால் வெயில். முகம் கறுப்பு. அடுத்த தடவை எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் ஏற்று." ஒரு ஸ்டாப் ஏற்றினால் படத்துக்கு இரண்டு மடங்கு வெளிச்சம். அடுத்த வருடம் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைப் படித்தேன். ஏற்றி எடுத்ததில் முகம் வந்தது, புகையின் இழைகள் வெளுத்துப் போயின. "ரா ஃபைலில் எடு, முக்கால் ஸ்டாப் போதும்" என்று அதன் கீழே எழுதினேன். ரா ஃபைல் என்பது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பு, பின்னால் திருத்த இடம் கொடுக்கும். மூன்றாம் வருடப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு காலைதான் கிடைக்கும் என்றால், போன வருடம் கற்றதைத் தொலைக்க முடியாது இல்லையா?

மண்டபங்களுக்கும் ஒவ்வொரு பக்கம் வைத்திருக்கிறேன். மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் மேடை விளக்கின் கீழ் எடுத்த படங்களில் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. கேமரா ரிப்பேர் என்று பயந்துவிட்டேன். காரணம் மின்சாரம். நம் நாட்டில் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டரை 1/500 விநாடிக்கு வைத்தால் கேமராவுக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழு மினுக்கல் உள்ளே வந்துவிடும், பட்டை விழாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை அதிகம். எல்லா எல்இடி விளக்குக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அதனால்தான் மண்டபத்துக்கு மண்டபம் எழுதி வைக்கிறேன்.

கேமரா பதிந்த எண்களையும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஆட்டம் கண்ட படங்களை மட்டும் பிரித்து அவற்றின் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். என்னுடையவற்றில் பெரும்பாலானவை 85 எம்எம் லென்ஸில் 1/60 விநாடியைவிட மெதுவான ஷட்டரில் எடுத்தவை. என் கை அவ்வளவுதான் நிற்கும் என்று புரிந்தது. வாங்கவிருந்த புது லென்ஸை விட்டுவிட்டு மோனோபாட் என்ற ஒற்றைக்கால் ஸ்டாண்ட் வாங்கினேன்.

படத்தை வெளியே அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. செல்போன் படங்களில் எடுத்த இடமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். பிறர் வீட்டுக்குள் எடுத்த படம், குழந்தைகள் படம் என்றால் இடத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள். உங்களை நம்பிக் கதவைத் திறந்தவர்கள் அவர்கள்.

எங்கள் சந்தில் ஒருமுறை கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றின் கீழும் எஃப் 4, 1/250, ஐஎஸ்ஓ 200 என்று அழகாக எழுதியிருந்தேன். பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தர் பானைக்கு முன்னால் நிற்கும் வயசான அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க பெரியம்மா. போன மாசம்தான் தவறிப்போனாங்க. அவங்க பேரு போடலியே தம்பி" என்றார். எனக்கு அந்தப் பெயர் தெரியாது. எடுத்தபோது கேட்கவில்லை. அவரிடமே கேட்டு, எண்களை அடித்துவிட்டுப் பெயரையும் வருடத்தையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு நோட்டில் ஒவ்வொரு பக்கமும் பெயரில்தான் தொடங்குகிறது. பெயர், தெரு, தேதி, அப்புறம் வெயில், அப்புறம் மற்றவை. அதே வரிகளை வீட்டுக்கு வந்ததும் லைட்ரூமில் தலைப்புக்கான கட்டத்தில் தட்டிவிடுகிறேன். அது படத்தோடு சேர்ந்தே இருக்கும். அந்த அக்காவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், பின்பக்கம் பென்சிலால் எல்லாவற்றையும் எழுதி.