கேஜ் என்றால் எந்த கேஜ்? பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மேட்டுப்பாளையத்தில் கோவை ரயிலை விட்டு இறங்கி ஊட்டி ரயிலுக்கு மாறுகிறோமே, அதற்குக் காரணம் கேஜ். குன்னூரில் கூரைக்குத் தகடு கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை கேஜ்?" டயருக்குக் காற்றடிப்பவர் கையில் இருப்பதும் கேஜ்தான்.

படி 1: அலகைப் பாருங்கள். பி.எஸ்.ஐ., பார் என்று வந்தால் அழுத்தம். தண்டவாளப் பேச்சில் மி.மீ. வந்தால் இடைவெளி. அலகே இல்லாமல் வெறும் 24 என்றால் பெரும்பாலும் தகடு அல்லது கம்பியின் தடிமன்.

படி 2: தண்டவாளம். மலை ரயில் மீட்டர் கேஜ், 1000 மி.மீ.; கோவையிலிருந்து வருவது 1676 மி.மீ. ஒரு தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து மற்றதன் உள்விளிம்புக்கு அளக்க வேண்டும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் கணக்கு தப்பும். கல்லாறு–குன்னூர் இடையே நடுவில் ஓடும் பல்சட்டம் (எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவது) இதில் சேராது.

படி 3: தகடு. எண் ஏற ஏறத் தகடு மெலியும். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். பிரிட்டிஷ் அட்டவணையில் 20 கேஜ் 0.914 மி.மீ., 24 கேஜ் 0.559 மி.மீ. அமெரிக்க அட்டவணையில் அதே 24 வேறு தடிமன். அதனால் பில்லில் மி.மீ. போடச் சொல்லுங்கள். மைக்ரோமீட்டரை வெட்டிய ஓரத்தில் வைக்காதீர்கள்; பிசிறு தடிமனைக் கூட்டிக் காட்டும். பழைய வயரிங்கில் 7/20 என்று பார்த்தால், 20 கேஜ் கம்பி ஏழு இழை என்று அர்த்தம்.

படி 4: பிரஷர் கேஜ். மலையில் கவனம் வேண்டியது இங்கேதான். இது காட்டுவது முழு அழுத்தம் அல்ல, வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட 11.2 பி.எஸ்.ஐ., மேட்டுப்பாளையத்தில் 14 சொச்சம். கீழே 32 அடித்த டயர், சூடு மாறாமல் மேலே போனால் ஏறக்குறைய 35 காட்டும். ஆனால் 35 டிகிரி வெயிலில் அடித்து 15 டிகிரி குளிரில் ஆறவிட்டால் அந்த மூன்றும் கழிந்து மறுபடி 32 அருகே நிற்கும்! ஆகவே ஊட்டி போய்ச் சேர்ந்ததும் சூட்டோடு காற்றை இறக்காதீர்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள்.

ஃப்ரிட்ஜ் வேலையிலும் இதே கதை. வேக்கம் போடும்போது, அதாவது குழாயில் உள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்கும்போது, ஊட்டியில் முள் கீழே போகும் அளவுக்குப் போகாமல் 23 அங்குலத்துக்குப் (பாதரச அளவில்) பக்கத்திலேயே நின்றுவிடும். பம்ப் போச்சு, எங்கோ லீக் என்று மூட்டுகளைப் பிரித்துவிடாதீர்கள். அந்த உயரத்தில் அதற்குமேல் இழுக்கக் காற்றே இல்லை. மைக்ரான் கேஜ் மாட்டினால் உண்மை நிலை தெரியும், அது முழு அழுத்தத்தை அளப்பது.

படி 5: மெக்கானிக் "பில்லர் கேஜ் எடு" என்றால் தூணைத் தேடாதீர்கள். வால்வு இடைவெளி பார்க்கும் மெல்லிய இலைக் கட்டு அது, ஃபீலர் கேஜ். இலை லேசாக உரசிக்கொண்டு இழுபட வேண்டும். இரண்டு இலை சேர்த்து அளந்தால், முதலில் நடுவில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.